யூலோபியா எபிடென்ட்ரேயா
யூலோபியா எபிடென்ட்ரேயா என்பது ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தரைவாழ் செடியாகும். இது தமிழ்நாடு உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளிலும் இலங்கையிலும் வளர்கிறது. அடியில் போலிக்குமிழும் புல்லைப் போன்று நீண்ட இலைகளும் கொண்டது. புல்லி இதழ்கள் பசுமை நிறமானவை. பழைய நூல்களில் இச்செடி வேறு பெயர்களில் காணப்படுவதால், அவற்றை வெவ்வேறு இனங்களாக எண்ணிவிடக் கூடாது.

பெயர் வரலாறு

லின்னேயசின் மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768 இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். கீழை நாடுகளின் ஆர்க்கிட்டுகளைப் பற்றி அவர் எழுதிய விவரிப்புகள் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவர் 1785 இல் இறந்தார். சுவீடனைச் சேர்ந்த ரெட்சியசு அவற்றை 1791 இல் வெளியிட்டார். அந்நூலில் இச்செடி செராப்பியாசு எபிடென்ட்ரேயா எனப்பட்டது.

கோனிக்குடன் பழகிய வில்லியம் ராக்சுபர்க்கு, 1795 இல் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் இதே செடியை லிமோடோரம் வைரென்சு என்று பெயரிட்டு ஓவியத்துடன் வெளியிட்டார். 'வைரென்சு' என்பது பசுமையைக் குறிக்கும் இலத்தீன் சொல். இப்பெயர் பின்னர் யூலோபியா வைரென்சு என மாற்றப்பட்டு, 1890 இல் ஊக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவர நூலிலும் இடம்பெற்றது.

ஓர் இனத்துக்கு முறையாக வெளியிடப்பட்ட பெயர்களுள் முந்தியதே செல்லும் என்பது தாவரப் பெயரிடல் விதி. நான்கு ஆண்டுகள் முந்திய கோனிக்கின் பெயரை 1928 இல் சி. ஈ. சி. பிசர் யூலோபியா பேரினத்துக்குக் கொண்டுவந்தார். கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலை அவரது மறைவுக்குப் பின் தொடர்ந்து எழுதியவர் பிசர். இனப்பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் கோனிக், ரெட்சியசு ஆகியோரின் பெயர்களும், அதற்கு வெளியே பிசரின் பெயரும் எழுதப்படுவது இதனாலேயே.

'எபிடென்ட்ரேயா' என்றால் எபிடென்ட்ரம் போன்றது என்று பொருள். எபிடென்ட்ரம் என்பதோ 'மரத்தின் மேல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. மண்ணில் வளரும் செடிக்கு இது பொருத்தமான பெயரன்று. ஆயினும் பொருள் பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை மாற்ற விதியில் இடமில்லை.

வகைப்பாடு

லின்னேயசின் காலத்தில் பேரினங்கள் மிக விரிந்தவையாக இருந்தன. செராப்பியாசு, லிமோடோரம் ஆகிய இரண்டும் பின்னர் சுருக்கப்பட்டன; இன்று அவற்றின் இனங்கள் எவையும் இந்தியாவில் இல்லை. யூலோபியாவுக்கு நேர்ந்தது இதன் மறுதலை. டி.என்.ஏ. ஆய்வுகளின் அடிப்படையில் 2021 இல் சியோடோரம் முதலிய பேரினங்கள் இதனுடன் இணைக்கப்பட்டன. இதனால் இச்செடியின் பெயர் மாறவில்லை.