அணுவைக் கண்ட கண்கள்

மும்பையில் நாற்பது வருஷமாகப் பித்தளை, எவர்சில்வர் வியாபாரம் செய்கிறவனுக்கு அணு ஆராய்ச்சியில் என்ன வேலை என்று சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். உலோகத்தை நிறுத்து விற்கிறவனுக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி எப்பவும் உண்டு. உரைகல்லில் தேய்த்தால் தங்கத்தின் மாற்று தெரியும். கலந்த செம்பு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று உரைகல் சொல்லாது. அதைச் சொல்லும் கருவி ஒன்று இருக்கிறது. ஆட்டம் புரோப் டோமோகிராபி என்று பெயர். அணு அணுவாகப் பிய்த்து எண்ணுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

மணிமேகலையில் ஆசீவகவாதி தன் கொள்கையைச் சொல்லும் இடம் நினைவிருக்கும். தனி அணுவைத் தெய்வக் கண்ணுடையவரே அறிவர். அந்தி வேளையில் ஒற்றை மயிர் தெரியாமல் கற்றை மட்டும் தெரிவதுபோல, மற்றவர்க்கு அணுத்திரள்தான் தெரியும் என்கிறான். எங்கள் ஜைன நூல்களிலும் பரமாணு புலனுக்கு எட்டாதது. இதை வைத்து முன்னோர்கள் எல்லாவற்றையும் கண்டுவிட்டார்கள் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் ஆழ்ந்து யோசித்தார்கள், அளந்து பார்க்கவில்லை.

ஒற்றை மயிர் கண்ணுக்குத் தெரிந்தது 1955-இல்தான். அதற்குக் காரணமானவர் எர்வின் முல்லர் என்ற ஜெர்மானியர். 1936-இல் பெர்லினில், கூரிய ஊசிமுனையிலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றி அம்முனையைப் பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கியைச் செய்தார். அதில் அணு தெரியவில்லை. 1951-இல் எலக்ட்ரானுக்குப் பதில் வாயு அயனிகளைப் பயன்படுத்தினார். பிறகு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கேதான் டங்ஸ்டன் ஊசியைக் கடுமையாகக் குளிரவைத்து, சில ஆயிரம் வோல்ட் ஏற்றி, சுற்றிலும் ஹீலியத்தை விட்டபோது, திரையில் புள்ளி புள்ளியாக அணுக்கள் நின்றன. குளிரவைக்காத வரையில் படம் கலங்கியே கிடந்தது.

அந்தச் சோதனையை முல்லரோடு செய்தவர் கன்வர் பகதூர் என்ற ஆராய்ச்சி மாணவர். இந்தியாவிலிருந்து போனவர். 1956-இல் பிசிகல் ரிவியூ இதழில் வந்த கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது. ஆனாலும் பல புத்தகங்களில் முல்லர் பெயர் மட்டும் நிற்கிறது. மனிதரில் முதன்முதலாக அணுவைக் கண்ட இருவரில் ஒருவர் நம் நாட்டவர் என்பது நம் பிள்ளைகளின் பாடத்தில் வரவேண்டாமா?

பார்த்தாகிவிட்டது, பார்த்தது எந்தத் தனிமத்தின் அணு? அதற்கு விடை 1967-இல் வந்தது. முல்லர், பானிட்ஸ், மெக்லேன் மூவரும் திரையில் ஒரு சிறு துளை போட்டார்கள். வேண்டிய அணுவின் புள்ளி துளைமேல் விழும்படி ஊசியைத் திருப்பி, ஒரு நொடிப்பொழுது மின்னழுத்தத்தை உயர்த்தினால் அந்த அணு அயனியாகப் பிய்ந்து ஓடிவரும். லேசானது சீக்கிரம் வரும், கனமானது தாமதமாக வரும். வந்த நேரத்தைக் கொண்டு நிறையைக் கணக்கிட்டு ஆளைக் கண்டுபிடித்தார்கள். முல்லர் 1977-இல் காலமானார். 1988-இல் ஆக்ஸ்போர்டிலும், 1993-இல் பிரான்சின் ரூவான் நகரிலும் துளைக்குப் பதில் விழுந்த இடத்தையும் காட்டும் உணர்கருவிகள் வந்தன. அதன்பின் கணினி முப்பரிமாணப் படமாகக் கட்டிக்கொடுத்தது. மின்சாரம் சரியாகக் கடத்தாத பொருளுக்கு லேசர் துடிப்பு உதவியது.

இதன் பெருமையை ஒரு மணல்துகள் காட்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் படிகத்துக்கு, யுரேனியம் ஈயமாக மாறும் கணக்குப்படி 437 கோடி வருஷம் வயசு. ஈயம் உள்ளேயே இடம்மாறியிருந்தால் அந்தக் கணக்குப் பொய்யாகிவிடுமே என்று சந்தேகம் இருந்தது. 2014-இல் இந்தக் கருவியில் வைத்து எண்ணினார்கள். ஈயம் நகர்ந்திருந்தது உண்மை. ஆனால் மிகச் சிறு திரள்களாக அக்கம்பக்கத்திலேயே கிடந்தது. வயசு நிலைத்தது.

குறையையும் சொல்லணும். எல்லா அணுவும் பிடிபடுவதில்லை. நல்ல கருவியிலும் பாதி முதல் எண்பது சதவீதம் வரைதான் கணக்கில் வரும். மாதிரியை நூறு நானோமீட்டர் அளவுக்குக் கூரிய ஊசியாகச் சீவியாகணும், பார்த்து முடிக்கையில் அந்த முனை போயிருக்கும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2018-இல் இதற்கென்று தேசிய ஆய்வுக்கூடம் திறந்தார்கள். வெளியூர் ஆய்வாளர்கள் தங்கள் ஊரிலிருந்தே கணினி வழியாக அக்கருவியை இயக்கும் ஏற்பாடும் அதில் செய்யப்பட்டது.