கோப்புப் பாதைப் பொருள்கள்

கணினியில் ஒரு கோப்பு எந்த டிரைவில், எந்தக் கோப்புறைகளுக்குள், என்ன பெயரில் இருக்கிறது என்று காட்டும் முகவரியே கோப்புப் பாதை. நிரல்களில் இது நெடுங்காலம் வெறும் எழுத்துச் சரமாகவே எழுதப்பட்டது. இன்றும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். உன் பெயர் என்ன, உன்னைக் கொண்டிருக்கும் கோப்புறை எது, பின்னொட்டு எது என்று கேட்டால் தானே பதில் சொல்லும் தனித் தரவு வகையாகப் பாதையை நிரல்மொழி வழங்கும்போது அது பாதைப் பொருள், அதாவது ஆப்ஜெக்ட், ஆகிறது. இன்று பரவலாகப் பயன்படுவது பைத்தான் மொழியின் ‘பாத்லிப்’.

கோப்புறைக்குள் கோப்புறை என்னும் அடுக்குமுறையை 1965இல் ராபர்ட் டேலியும் பீட்டர் நியூமனும் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக விவரித்தார்கள். மல்டிக்ஸ் அடுக்குகளைப் பிரிக்க > குறியை வைத்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் / குறியை எடுத்துக்கொண்டது. 1981இல் வந்த எம்எஸ்-டாஸின் முதல் பதிப்பில் கோப்புறைகளே இல்லை. அதில் / குறி கட்டளைகளின் விருப்பங்களுக்குப் போய்விட்டது. 1983இல் இரண்டாம் பதிப்பு கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது வேறு வழியின்றி \ குறி வந்தது.

அந்தப் பேக்ஸ்லாஷின் தொல்லையை நாமக்கல்காரர்களுக்கு விளக்குவது எளிது. பல நிரல்மொழிகளில் பேக்ஸ்லாஷை அடுத்து வரும் ஆங்கில எழுத்துக்குத் தனி வேலை உண்டு. சிறிய ஆங்கில எழுத்துகளில் நாமக்கல் என்று பெயரிட்ட கோப்புறையைப் பேக்ஸ்லாஷுடன் சரத்தில் எழுதினால், முதல் எழுத்தான ‘என்’ புதுவரியாகிப் பாதை நடுவில் உடையும். திருச்செங்கோட்டின் ‘டி’ டேப் இடைவெளியாகும். ராசிபுரத்தின் ‘ஆர்’ வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் குறியாகும். ஆத்தூரின் ‘ஏ’ மணியடிக்கும் குறி! சேலம் மட்டும் தப்பிக்கும். ‘எஸ்’ஸுக்கு அப்படி வேலை எதுவும் இல்லாததால் பைத்தான் எச்சரிக்கையோடு விட்டுவிடும். சேலத்தில் ஓட்டிப் பார்த்த நிரல் நாமக்கல்லில் நின்றுபோக இவ்வளவு போதும்.

பாதையைப் பொருளாகக் காணும் எண்ணம் முதலில் முதிர்ந்தது லிஸ்ப் உலகில். எம்ஐடியின் லிஸ்ப் கணினிகள் வலையமைப்பு வழியே ஐடிஎஸ், டாப்ஸ்-20, மல்டிக்ஸ் என ஆளுக்கொரு எழுத்துமுறை வைத்திருந்த அமைப்புகளோடு பேச வேண்டியிருந்தது. ஆகவே பாதையைக் கணினி, சாதனம், கோப்புறை, பெயர், வகை, பதிப்பு என ஆறு உறுப்புகளாகப் பிரித்து வைத்தார்கள். 1984இல் கை ஸ்டீல் எழுதிய காமன் லிஸ்ப் நூலில் இந்த அமைப்பு இடம்பெற்றது. பின்னால் வந்த எந்த வடிவமும் இவ்வளவு விரிவானது இல்லை. ஆனால் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணை வைத்த இயங்குதளங்கள் வழக்கொழிந்ததும் அந்த விரிவே பாரமாயிற்று.

1996இல் ஜாவா ‘ஃபைல்’ என்ற வகையோடு வந்தது. அதன் குறைகளைத் தீர்க்கும் ‘பாத்’ 2011இல் ஜாவா 7இல்தான் கிடைத்தது. ரூபியின் ‘பாத்நேம்’ தனாகா அகிரா எழுதியது. சி++ மொழிக்குப் பீமன் டாஸ் பூஸ்ட் நூலகத்தில் செய்தது 2017ஆம் ஆண்டின் தரத்தில் சேர்ந்தது.

பைத்தானில் கதை சற்றுச் சுற்றுவழி. 2006இல் முன்வைக்கப்பட்ட 355ஆம் முன்மொழிவு, பாதையைச் சரத்தின் கிளைவகையாக ஆக்கப் பார்த்தது, அது நிராகரிக்கப்பட்டது. சரத்துக்குரிய எல்லாச் செயல்களும் பாதைக்கும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அது நல்ல முடிவே. 2012இல் அந்துவான் பித்ரூ 428ஆம் முன்மொழிவை எழுதினார். 2014 மார்ச்சில் வெளியான பைத்தான் 3.4இல் பாத்லிப் இடம்பெற்றது. இதில் பாதைகளை / குறியால் இணைக்கலாம். எந்த இயங்குதளத்துக்கு எந்தக் குறி என்பதைப் பொருளே பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, வட்டைத் தொடாமல் எழுத்தை மட்டும் ஆராயும் ‘தூய’ பாதையும், கோப்பைத் திறந்து படிக்கும் பாதையும் தனித்தனி வகைகள். அதனால் லினக்ஸ் கணினியில் உட்கார்ந்தே விண்டோஸ் பாதை ஒன்றை உறுப்புப் பிரிக்க முடியும்.

சரமல்ல என்ற கொள்கைக்கு ஒரு விலையும் இருந்தது. கோப்பைத் திறக்கும் ‘ஓபன்’ கட்டளையே பாதைப் பொருளை ஏற்கவில்லை. மறுபடி சரமாக்கித்தான் கொடுக்க வேண்டும். பிரெட் கேனன், கூஸ் செவன்ஹோவன் இருவரின் 519ஆம் முன்மொழிவு 2016 டிசம்பரில் பைத்தான் 3.6 வழியாக இதைத் தீர்த்தது. பாத்லிப் உண்மையில் புழக்கத்துக்கு வந்தது அதன்பிறகே என்று சொல்லலாம். 2025இல் வந்த 3.14இல் கோப்பை நகலெடுப்பதும் நகர்த்துவதும் பாதைப் பொருளின் வேலைகளாயின.

உச்சியிலிருந்து தொடங்கும் முழுப் பாதைக்கும் இடையிலிருந்து தொடங்கும் சார்புப் பாதைக்கும் உள்ள வேறுபாட்டைச் சேலம், நாமக்கல் பகுதியின் வரலாறே காட்டும். 1997 ஜனவரி 1 வரை திருச்செங்கோடு சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது; அன்றுமுதல் நாமக்கல் மாவட்டத்துக்குள் இருக்கிறது. சேலம் என்று தொடங்கும் முழுப் பாதையில் தேடும் நிரல் அன்றோடு செயலிழக்கும். திருச்செங்கோட்டிலிருந்து தொடங்கும் சார்புப் பாதைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

குறிகளின் சண்டையைப் பாதைப் பொருள் தீர்த்தது; எழுத்துகளின் சண்டையைத் தீர்க்கவில்லை. தமிழ் பயன்படுத்துவோருக்கு இரண்டாவதே பெரிது. விண்டோஸில் தமிழுக்குப் பழைய ஒற்றை பைட் குறியீட்டுப் பக்கம் கிடையாது. பைத்தான் 3.6க்கு முன் பாதையை பைட்டுகளாகக் கேட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகத் திரும்பின. கேள்விக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயரில் வரவே கூடாத குறி. ஸ்டீவ் டவரின் 529ஆம் முன்மொழிவு யுடிஎஃப்-8க்கு மாற்றி இதைச் சரிசெய்தது.

மிஞ்சியிருப்பது ஒகர, ஓகாரச் சிக்கல். யூனிகோடில் ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச் சுழிக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. சேலம், நாமக்கல் என்ற பெயர்களில் ஒகர, ஓகாரக் குறிகள் இல்லை. திருச்செங்கோடு, கொல்லிமலை, மோகனூர் மூன்றிலும் உண்டு. திருச்செங்கோடு ஒரு முறையில் 14 குறிகள், 42 பைட். மறுமுறையில் 15 குறிகள், 45 பைட். 1998இல் வந்த ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. லினக்ஸிலும் விண்டோஸிலும் வழக்கமாக அவை இரு வேறு பெயர்கள். ஒரே இடத்தில் இரண்டு திருச்செங்கோடு கோப்புறைகள் அருகருகே இருக்க முடியும்.

பாத்லிப்பும் இவற்றை ஒப்பிட்டுச் சமமில்லை என்றே சொல்கிறது. ஒப்பிடும்போது மட்டும் பெயர்களை யூனிகோடின் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதே வழி. கோப்பைத் திறக்கும்போது அப்படி மாற்றக் கூடாது. வட்டில் பிரித்து எழுதப்பட்ட பெயரைச் சேர்த்தெழுதிக் கேட்டால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று லினக்ஸ் சொல்லிவிடும்.