சுவரில்லா வகுப்பறையும் ஆசிரியரும்

அவுஸ்திரேலியாவின் நடுவே பரந்து கிடக்கும் வறண்ட நிலத்தில் வாழும் பிள்ளைகள் நாள்தோறும் நடந்து சென்று சேரத்தக்க பள்ளிக்கூடம் எதுவும் அக்காலத்தில் இருந்ததில்லை. அவர்கள் பொருட்டு 1951ஆம் ஆண்டில் அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் வானொலிப் பள்ளியொன்று தொடங்கப்பெற்றது. ஆசிரியர் ஓரிடத்திலிருந்து பேசுவார். பிள்ளைகள் தத்தம் வீட்டிலிருந்தே சிற்றலை வானொலி வழியாக விடை பகர்வர். இம்முறை பிற பகுதிகளுக்கும் பரவிற்று. மேற்கு அவுஸ்திரேலியாவில் இவ்வாறு வானொலி வழியே எழுத்தறிந்த சிறுவருள் ஒருவர் மார்ட்டின் டூகியாமஸ். பிற்காலத்தில் உலகெங்குமுள்ள ஆசிரியர்களுக்குச் சுவரில்லா வகுப்பறை ஒன்றைச் சமைத்துக் கொடுத்தவர் அவரே.

பாடக்குறிப்பு, ஒப்படை, வினாவிடை, கலந்துரையாடல், புள்ளி ஆகிய யாவும் கணனி வழியே ஓரிடத்தில் நிகழுமாறு அமைந்த ஏற்பாட்டினை மெய்நிகர் கற்றற் சூழல் என்பர். இதன் வரலாறு யந்திரத்தின் வரலாறு மட்டுமன்று. ஆசிரியரை அதனிடம் அழைத்துவந்த வரலாறுமாகும்.

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலாளரான டொனால்ட் பிற்சர் 'பிளேற்றோ' என்னும் கணனிக் கற்பித்தல் முறையை உருவாக்கினார். முதலில் ஒரே நேரத்தில் ஒரு மாணவர் மட்டுமே அதிற் கற்க முடிந்தது. அதனினும் பெரிய தடை வேறொன்று. பாடம் அறிந்த ஆசிரியருக்குக் கணனியின் மொழி தெரியாது. கணனி அறிந்தவருக்குப் பாடம் தெரியாது. 1967இல் போல் ரென்சார் என்னும் உயிரியல் மாணவர் 'ரியூட்டர்' என்ற எளிய கணனி மொழியை வகுத்தபோதே ஆசிரியர் தாமே பாடம் எழுதும் வழி திறந்தது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின், கனடாவின் பிரித்தானிய கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் இதே தடை வேறு வடிவில் எழுந்தது. கணனித்துறை விரிவுரையாளர் மரே கோல்ட்பேர்க் 1995 அளவில் இணையத்தின் மூலம் கற்பித்துப் பார்த்தார். பயன் தெரிந்தது, ஆயின் ஒரு பாடத்துக்கான பக்கங்களை ஆக்குவதற்கே மிகுந்த உழைப்பு வேண்டியிருந்தது. ஆகவே, எத்துறை ஆசிரியரும் கையாளத்தக்க 'வெப் சி.ரி.' என்னும் சாதனத்தை அமைத்தார். 1996இல் பாரிசில் நடந்த மாநாட்டில் அதனை எடுத்துக்காட்டியபோது, பிற நாட்டவரும் அதனை விரும்பிக் கேட்டனர்.

அது பின்னர் விற்பனைப் பொருளாயிற்று. பேர்த் நகரத்துக் கேர்ட்டின் பல்கலைக்கழகத்தில் அதனைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தவர் டூகியாமஸ். அதன் குறைகளை அன்றாடம் கண்ட அவர், கல்வியியலையும் கற்று, 2002இல் 'மூடில்' என்பதனை வெளியிட்டார். எவரும் விலையின்றிப் பெறலாம். தேவைக்கேற்பத் திருத்தவும் செய்யலாம். கேட்டிருத்தல் மட்டும் கல்வியாகாது, பலர் கூடி ஒன்றை ஆக்கும்போதே அறிவு தழைக்கும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. 2005இல் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் அதனை ஏற்றது. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவும் அதனைக் கைக்கொண்டுள்ளன.

எனினும், சாதனம் வந்தமையால் மட்டும் கற்பித்தல் மாறிவிடுவதில்லை. "எமது இடத்தை யந்திரம் பறிக்குமோ" என்ற அச்சம் ஒருபுறம். "புதியதைக் கற்க நேரமேது" என்ற கவலை மறுபுறம். இரண்டும் நகைத்து ஒதுக்கத்தக்கவை அல்ல. 2020இல் கொரோனாப் பெருநோயால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, ஆண்டுகள் பல கொண்டு பயில வேண்டியதைச் சில வாரங்களிற் பயில நேர்ந்தது. போதிய பயிற்சி கிடையாதவிடத்து, புதிய வகுப்பறை வெறுங் குறிப்புகளைக் குவித்து வைக்கும் களஞ்சியமாகவே நின்றுவிட்டது. பயிற்சியும் அவகாசமும் துணைநிற்போரும் வாய்த்தவிடத்தில், முன்வரிசையில் என்றும் பேசாத மாணவரும் எழுத்தில் வினாத் தொடுத்தனர்.

பாலைநிலத்துப் பிள்ளைக்குக் கல்வியைக் கொண்டுசேர்த்தது வானொலிப் பெட்டி மட்டுமன்று. அதன் மறுமுனையில், விடைக்காகச் செவிசாய்த்திருந்த ஆசிரியருமாவார். ஆசிரியரை ஆயத்தஞ்செய்யாது வாங்கப்படும் கருவி, மறுமுனையில் ஆளில்லா வானொலியே.