கோட்டைவாயிலும் கோயில் வழியும்: திருகோணமலைப் புனித நகர்க் குழு, 1968

திருகோணமலை நகரின் கிழக்கே கடலினுள் நீண்டு கிடக்கும் நிலமுனையைத் தெற்கே ஒல்லாந்தர் குடாவும் வடக்கே பின்குடாவும் அணைத்து நிற்கின்றன. அம்முனையின் கடைக்கோடியிற் செங்குத்தாக எழுவது சுவாமிமலை எனப்படும் கோணமாமலை. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம் அதுவே. நகரிலிருந்து அம்மலையை அடையத் தரைவழி ஒன்றே உண்டு. அவ்வழி பிரெட்ரிக் கோட்டையின் வாயிலினூடாகச் செல்கின்றது. வழிபடச் செல்பவனும், கடற்காற்று வாங்கச் செல்பவனும், வரலாற்றுச் சின்னங்களைக் காணச் செல்பவனும் படைவீரன் காவல்புரியும் அவ்வாயிலைக் கடந்தே ஆகவேண்டும். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாக இந்நிலை மாறவில்லை. நிலமுனை எவருடையது என்பதைக் காட்டிலும், அதனுள் எவர், எந்த உரிமையின் பேரில் நுழையலாம் என்பதே இந்நகரின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த வினாவாகும்.

கோட்டை எழுவதற்கு முன்னர் அம்முனையின் நிலை யாதென்பதைக் கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்கள் ஓரளவு உணர்த்துகின்றன. குளக்கோட்டன் பெயரோடு இணைத்து அந்நூல் கூறுவனவற்றுள் வரலாறு எது, மரபு எது எனப் பிரித்தறிதல் எளிதன்று. ஆயினும் தானத்தார், வரிப்பத்தார் எனத் தொழும்பாளர் வகுக்கப்பட்டமையும், பல்வேறு ஊரவர்க்கும் கோயிலின்பாற் கடமைகளும் உரிமைகளும் விதிக்கப்பட்டமையும் அதிலே விரிவாகப் பேசப்படுகின்றன. மலையுச்சியிலிருந்த கோயில் அயலூர்கள் அனைத்தையும் உழைப்பாலும் விளைபொருளாலும் தன்னோடு பிணைத்திருந்தது. அந்நிலத்திற்குச் செல்லும் வழி ஒருவரது அனுமதியைச் சார்ந்ததன்று. கடமை இருந்ததனால் வழியும் இருந்தது.

போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1620களிலே கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டுவித்தபோது இவ்வுறவு அறுந்தது. திருவுருவங்களுள் சில மண்ணிற் புதைக்கப்பட்டன. வழிபாடு தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலிலே தொடர்ந்தது. 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஒன்றினுள்ளேயே அது பிரித்தானியர் கைக்கும் பின்னர் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறிற்று. 1795இல் பிரித்தானியர் அதனை நிலையாகக் கைக்கொண்டு, 1803இல் யோர்க் கோமகனின் பெயரால் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயரிட்டனர். இக்கைமாற்றங்களின் விபரங்கள் போரியல் வரலாற்றுக்கு உரியன. ஈண்டு நோக்கத்தக்கது, கொடி எத்தனை முறை மாறியபோதும் நிலம் படைநிலமாகவே இருந்தது என்பதே.

எனினும் மக்கள் அம்மலையை மறந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருகோணமலைக்கு வந்த ஐரோப்பியர் பலர் தாம் கண்ட காட்சியொன்றை எழுதிவைத்துள்ளனர். மாலை வேளையிலே அந்தணர் ஒருவர் பாறையின் விளிம்பிலே நின்று, பூவும் பழமும் வெற்றிலையும் கடலிலே சொரிந்து, தீபங்காட்டி வழிபட, மக்கள் பின்னே கூடி நிற்பர் என்பதே அது. கோயில் இல்லை; கூரை இல்லை; விக்கிரகமும் இல்லை. இருப்பினும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பாறையே கோயிலாக விளங்கிற்று. ஆங்கிலப் படையினர் அவ்வழிபாட்டைத் தடுக்காதது அவர்தம் பெருந்தன்மை எனப் போற்றப்படுவதுண்டு. அது பெருந்தன்மையாகவே இருக்கலாம். எனினும் சட்டத்தால் வகுக்கப்பட்ட உரிமை என்பதைவிடக் கோட்டை நிருவாகத்தின் இசைவு என்றே அதனைக் கொள்ளல் பொருந்தும். இசைவினாற் பெற்றதை இசைவு நீங்கின் இழக்க நேரிடும். இவ்வேறுபாடு பிற்காலத்திலே பெரிதும் முக்கியத்துவம் பெறலாயிற்று.

இதே காலத்திற் கொழும்பில் நிகழ்ந்ததை ஒப்பிட்டு நோக்கலாம். கொழும்புக் கோட்டையின் தென்புறத்தே பீரங்கிகளின் பார்வைக்காக வெறுமையாக விடப்பட்டிருந்த காலிமுகத்திடலிலே தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1859இல் உலாவீதி அமைத்து, நகரப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதனைப் பேணுமாறு தம் பின்வந்தோரை வேண்டிக் கல்லும் நாட்டினார். படைத்தேவைக்கு ஒதுக்கப்பட்ட கடலோரம் பொதுமக்களின் பொழுதுபோக்கிடமாக மாறிற்று. அக்கல்லிற்கு சட்டவலு இல்லாவிடினும், திடலில் எவரேனும் கட்டடம் எழுப்ப முனைந்தபோதெல்லாம் அது மேற்கோளாயிற்று. திருகோணமலைக் கோட்டைக்கு அத்தகைய கல்லை நாட்ட எவரும் முன்வரவில்லை. கொழும்பு தலைநகர், இதுவோ கடற்படைத் தளம்.

சுதந்திரத்தின் பின்னர் நிலைமை விரைந்து மாறிற்று. 1950இல் நகரசபையார் கிணறு தோண்டுகையில், சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. நகரமே திரண்டது எனலாம். 1952இல் மலையுச்சியிலே திருப்பணி தொடங்கிற்று. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் சுவாமிமலையின் அடியிலே கடலினுள் மூழ்கிப் பழங்கோயிலின் கற்றூண்களையும் சிதைவுகளையும் கண்டனர். 1957இற் பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். 1963 மார்ச்சு மாதத்திற் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நிறைவேறிற்று. ஆயினும் கோயில் எழுந்த நிலம் கோட்டை நிலமே. வாயிலில் நின்ற காவலன் மட்டுமே மாறினான்.

அதே 1963ஆம் ஆண்டிலே, துறைமுகத்தைச் சூழ்ந்த கடற்படைக் காடுகளும், உட்துறைமுகத்துச் சோபர் தீவுகளும், நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவும் வனவிலங்குச் சரணாலயங்களாக வர்த்தமானியிற் பிரகடனப்படுத்தப்பட்டன. மாடப்புறாக்களின் இருப்பிடத்துக்கு அரசாங்க அறிவித்தல் ஒன்றிற் கிடைத்த பாதுகாப்பை மனிதரின் வழிபாட்டிடத்துக்குப் பெறுவது எத்துணை அரிது என்பதை அடுத்த ஐந்தாண்டுகள் காட்டின.

1965 மார்ச்சிலே டட்லி சேனநாயக்கவும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவாகத் தமிழரசுக் கட்சி அரசாங்கத்தை ஆதரித்தது. கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் எவரும் பதவி ஏற்காத நிலையில், முன்னாள் சொலிசிட்டர் ஜெனரலான மு. திருச்செல்வம் செனற்சபை வழியாக உள்ளூராட்சி அமைச்சரானார். அவர் 1968இலே, கோணேசர் கோயிற் சூழலைப் பாதுகாக்கப்பட்ட புனிதப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்தல் இயலுமா என ஆராயக் குழுவொன்றை நியமித்தார். குழுவுக்கு விதிக்கப்பட்டது ஆராய்தலேயன்றித் தீர்மானித்தலன்று என்பதை வற்புறுத்தல் வேண்டும். நிலம் எவருக்கும் கொடுக்கப்படவில்லை, எவரிடமிருந்தும் எடுக்கப்படவுமில்லை.

புனித நகர் என்னும் கருத்து இலங்கையிற் புதியதன்று. அநுராதபுரப் பாதுகாப்புக்கென 1942இலே தனிச்சட்டம் இயற்றப்பட்டு, பழைய நகரம் புனித பூமியாக ஒதுக்கப்பட்டது. பாதுகாப்பு என்பது எல்லார்க்கும் ஒரே பொருள் தருவதன்று என்பதும் ஆங்கு புலப்பட்டது. பழைய நகரிலே கடைவைத்தும் குடியிருந்தும் வாழ்ந்தோர், தமிழரும் முஸ்லிம்களும் உட்பட, புதிய நகருக்குப் பெயர நேர்ந்தது. திருகோணமலைக்கு இதே முறையைக் கையாள எண்ணியவர்கள் இதனைப் போதியளவு சிந்தித்தனரா என்பது ஐயத்துக்குரியது. புனித நகர் என்ற சொல் பக்தனின் உரிமையைத் தெளிவாகச் சுட்டியது. குடாக்களின் மணலிலே வலை உலர்த்துபவனின் உரிமையையோ, வழிபாட்டுக்கன்றி மாலைப் பொழுதைக் கழிக்கவே கோட்டைக்கு வரும் நகரவாசியின் உரிமையையோ அச்சொல் தானாகச் சுட்டவில்லை. இவற்றை எழுப்பியிருக்கக்கூடிய இடம் அக்குழுவின் விசாரணையே.

எதிர்த்தரப்பாருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. பழைய நூல்களிற் கோகர்ணம் எனப்படும் இவ்விடம் பௌத்தருக்கும் உரியது என அவர்கள் வாதிட்டனர். மகாசேன மன்னன் தேவாலயங்களை அழித்து விகாரைகள் எழுப்பினான் என்றும், அவற்றுள் ஒன்று கோகர்ணத்தில் என்றும் மகாவம்சம் கூறும். விகாரை இருந்ததற்கு ஒரு சாரார் காட்டும் அதே பகுதியை, அதற்கு முன்னே தேவாலயம் இருந்ததற்குச் சான்றாக மறுசாரார் காட்டுவர். வரலாற்று மாணவனுக்கு இது வியப்பளிக்காது. ஒரே நிலத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சமயங்கள் தடம் பதித்தமை ஆசியத் துறைமுகங்களிற் பொதுவே. தொல்பொருள் அறிஞர், இராணுவத்தார், கோட்டையினுள் உள்ள விகாரையைச் சார்ந்தோர், கோயிற் பரிபாலகர், நகரசபையார் ஆகிய அனைவரும் ஒரே மேசையின் முன் தத்தம் சான்றை வைத்து மறுசாராரின் சான்றையும் கேட்டிருக்கலாம்.

அது நிகழவில்லை. பௌத்த பிக்கு ஒருவரின் முறையீட்டுக் கடிதம் பிரதமரை அடைந்தது. பிரதமர் குழுவை நியமித்த அமைச்சரைக் கலந்தாலோசியாமலே குழுவை இரத்துச் செய்தார். 1968 செப்டெம்பரிலே திருச்செல்வம் பதவி துறந்தார். தமிழரசுக் கட்சியும் அரசாங்கத்திலிருந்து விலகிற்று. அவ்வாண்டின் நடுப்பகுதியிலேதான், உடன்படிக்கையின் முக்கிய அம்சமாகிய மாவட்ட சபைகள் மசோதா கைவிடப்பட்டிருந்தது. எனவே பிரிவுக்குக் கோயிற் குழு ஒன்றே காரணம் எனல் மிகையாகும். ஆயினும் மசோதாவின் தோல்வியைப் பொறுத்துக்கொண்ட கட்சி, குழுவின் இரத்தைப் பொறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதிகாரப் பகிர்வு மறுக்கப்பட்டதை அரசியல் தோல்வியாகக் கொள்ள முடிந்தது. விசாரித்துப் பார்க்கவும் கூடாது என்ற மறுப்போ தன்மானத்தைத் தொட்டது. டட்லி சேனநாயக்க பகைமை கொண்டவர் என்பதற்கில்லை. நெருக்குதலுக்கு அஞ்சியவர் என்பதே பொருந்தும். அவ்வச்சம் ஒரு நகரத்தின் மக்களைக் கேட்காமலே அவர்களின் வினாவை மூடிவைத்தது.

பிறநாடுகளில் இத்தகைய நிலங்கள் வேறு வகையிற் கையாளப்பட்டதுண்டு. 1776இலே ஸ்பானியர் அமைத்த சான் பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ இராணுவத் தளம் 1994இலே தேசியப் பூங்காச் சேவையிடம் கையளிக்கப்பட்டது. இதற்கான திட்டம் பொதுக்கூட்டங்களிலே நகரவாசிகளின் கருத்துக் கேட்டு வகுக்கப்பட்டதாகும். இலங்கையிலும் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயமாக வகுத்தது. 1990களில் இக்கடுவையிலும் ரெக்காவையிலும் மீனவர், விடுதியாளர், அரச அலுவலர் ஆகியோர் ஒன்றுகூடிச் சிறப்புப் பிரதேச முகாமைத் திட்டங்களை வரைந்தனர். இவை இரண்டும் தென்பகுதிக் கடலோரங்கள். அவ்வாண்டுகளிற் கிழக்குக் கடலோரம் போரிலே மூழ்கிக் கிடந்தது. கோட்டைவாயிலிற் சோதனையின்றி எவரும் உட்செல்லல் இயலாதிருந்தது.

போரின் இடையே, 2003இல், புறாத்தீவு தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 2009இற் போர் முடிந்ததும் அங்கு உல்லாசப் பயணிகள் பெருந்தொகையினராக வரலாயினர். தீவுக்குச் செல்வோர் வனசீவராசிகள் திணைக்களத்திடம் நுழைவுச்சீட்டுப் பெற்றுப் படகேறுகின்றனர். பவளப்பாறைகளைக் காக்க எண்ணிக்கையும் ஒழுங்கும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், தலைமுறைகளாக அக்கடலிலே தொழில் புரிந்தோர் அதே தீவை வெளியார் சீட்டுப் பெற்றுச் சென்று வருவதைக் கரையிலிருந்து காணும் நிலையையும் ஒரு திட்டம் கணக்கிற் கொள்ள வேண்டும்.

கோணமாமலைக்கும் அதே ஆண்டுகளிற் கூட்டம் பெருகிற்று. தென்னிலங்கையிலிருந்து பேருந்துகளில் வருவோர் கோட்டைவாயிலைக் கடந்து, புள்ளிமான்கள் மேயும் மரநிழல் வழியே ஏறி, இராவணன் வெட்டினை எட்டிப் பார்த்துக் கோயிலையும் வணங்கிச் செல்கின்றனர். பெருந்தொகையான சிங்கள மக்கள் பத்தியோடு நேர்ந்துகொள்வதை அங்கு காணலாம். 1968இல் அஞ்சப்பட்ட மோதல் சாதாரண யாத்திரிகரின் உள்ளத்தில் இல்லை என்பதற்கு இதுவே சான்று. வழியோரத்திலே கடைகள் பெருகின. அவற்றை நிலையாக அமைத்தல் பற்றியும் கோயிலைச் சூழ்ந்த நிலத்தின் மீது தொல்பொருள் திணைக்களத்துக்குள்ள அதிகாரம் பற்றியும் 2022இல் மீண்டும் சர்ச்சை மூண்டது. கோயிலார் ஒன்று கூறினர். திணைக்களம் ஒன்று கூறிற்று. கடைகாரர் பிழைப்பைக் கூறினர். 1968இன் குழு கேட்டிருக்க வேண்டிய குரல்களிற் பல இவையே.

கோட்டைவாயிலின் கல்லொன்றிலே இணைக்கயல் பொறிக்கப்பட்டுள்ளது; அருகே பழந்தமிழ்ச் சாசனத்தின் சிதைந்த வரிகள் உள்ளன. இடிக்கப்பட்ட கோயிலிலிருந்து பெயர்த்தெடுத்துப் பதிக்கப்பட்ட கல் அதுவென்பர். உள்ளே செல்வோரிற் பெரும்பாலோர் அதனைக் கவனிப்பதில்லை. வாயிலிலே காவலன் நிற்பதனால் அவ்விடத்தில் நின்று பார்க்கும் வழக்கமும் இல்லை.