லேப்டாப்பைத் திறந்தா நம்ம ஊர் வயல்... டெஸ்க்டாப் வால்பேப்பரை மாற்றுவது எப்படி?

புது போன் வாங்கின பத்தாவது நிமிஷம் வால்பேப்பரை மாத்திடுவோம். ஆனா லேப்டாப்? வாங்கும்போது என்ன படம் இருந்துச்சோ, மூணு வருஷம் கழிச்சும் அதேதான். நாகர்கோவில்ல ரயில் ஏறி சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனவரா நீங்க? ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அந்தத் திரை முன்னாடிதான் உட்கார்ந்திருக்கீங்க. அதுல யாரோ எடுத்த, எங்கேயோ இருக்கிற மலை எதுக்கு மக்கா? நம்ம தாடகை மலையை வைக்கலாமே!

ஒரு பச்சை மேட்டின் கதை

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து வால்பேப்பர் ஞாபகம் இருக்கா? பச்சைப் புல்மேடு, மேலே நீல வானம், வெள்ளை மேகம். ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல பார்த்திருப்பீங்க. 'பிளிஸ்' என்ற அந்தப் படம் கிராஃபிக்ஸ் இல்லை. சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக் கலைஞர் 1996-ல் கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில், ரோட்டோரமா காரை நிறுத்தி எடுத்த நிஜப் படம். அது உண்மையில் திராட்சை விளையும் மண். பூச்சி தாக்கியதால் கொடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்த சமயத்தில் புல் முளைத்திருந்தது. பிறகு அங்கே மறுபடியும் திராட்சை நட்டுவிட்டார்கள். அந்தப் பச்சை மேடு இப்போ அதே மாதிரி இல்லை, படத்தில் மட்டும்தான் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டுக்காரங்களுக்கு இது புதுசா என்ன? 'நாஞ்சில்' என்றாலே கலப்பை என்றுதான் பொருள். ஆனா சின்ன வயசுல சைக்கிள்ல போன வழியில இருந்த வயல் ஏலா, அடுத்த லீவுக்குப் போனா மனையா நிக்குது. கல்லு நட்டு, பெயின்ட் அடிச்சாச்சு. அதனால மிச்சம் இருக்கிறதை இப்பவே எடுத்து வைங்க.

எங்கே, எப்போ எடுக்கலாம்?

நம்ம ஊர்ல நெல்லு ரெண்டு பூ: கன்னிப்பூ, கும்பப்பூ. வயல் நல்ல பச்சையா இருக்கணும்னா ஜூலை வாக்கிலும் டிசம்பர் வாக்கிலும் போங்க. தேரூர், சுசீந்திரம், பூதப்பாண்டி பக்கம் காலையில வடக்கு பார்த்து நின்னா, முன்னாடி வயல், பின்னாடி மலை. வெயில் பக்கவாட்டில் விழுவதால் படம் தெளிவா வரும்.

கடல்தான் பிடிக்கும் என்றால், விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இணைக்கிறது. கரையிலிருந்தே மூன்றும் ஒரே ஃபிரேமில் அடங்கும். இதெல்லாம் வேண்டாம் என்றால், ஆச்சி வீட்டு முற்றமும் விளையில நிக்கிற தென்னையும் போதும்.

போனைக் கிடையாப் பிடிங்க!

பலரும் சொதப்புவது இங்கேதான். ரீல்ஸ் பழக்கத்துல போனை நெட்டையா பிடிச்சு எடுத்தா, கம்ப்யூட்டர்ல ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், இல்லைன்னா மலையோட தலை வெட்டுப்படும்.

* போனைப் படுக்கைவாட்டில் பிடிங்க. கேமரா செட்டிங்கில் 16:9 விகிதத்தைத் தேர்வு செய்யுங்க. பெரும்பாலான லேப்டாப் திரைகளுக்கு இது பொருந்தும்.
* படம் குறைந்தது 1920 x 1080 பிக்சல் இருக்கணும். இப்போதைய போன் கேமராக்களில் இதற்கு மேலேயே கிடைக்கும்.
* விண்டோஸில் ஐகான்கள் இடது பக்கம்தான் வரிசை கட்டும். அதனால இடது பக்கம் வானமோ வயலோ வெறுமையா இருக்கட்டும். வள்ளுவர் வலது பக்கம் நிக்கட்டும்.
* வாட்ஸ்அப்பில் சாதாரணமா அனுப்பினா படம் சுருங்கி மங்கிப்போகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்க, இல்லைன்னா கேபிள் போட்டு காப்பி பண்ணுங்க.

மாற்றும் வழி

விண்டோஸ் 10, 11 ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வழிதான்.

1. டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் பண்ணி 'பர்சனலைஸ்' கொடுங்க.
2. 'பேக்கிரவுண்ட்' உள்ளே போய் 'பிக்சர்' தேர்வு செய்யுங்க.
3. 'பிரவுஸ்' அழுத்தி உங்க படத்தை எடுங்க.
4. கீழே இருக்கும் 'ஃபிட்' பட்டியலில் 'ஃபில்' வைங்க. 'ஸ்ட்ரெச்' வைத்தால் படம் இழுபட்டு ஆச்சி ரெட்டை சைஸ் ஆகிடுவாங்க!

ஒரு படம் அலுத்துப் போகும் என்றால் 'ஸ்லைடுஷோ' தேர்வு செய்து ஒரு ஃபோல்டரைக் காட்டுங்க. 1 நிமிஷம் முதல் 1 நாள் வரை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாறணும் என்று நீங்களே முடிவு பண்ணலாம். மேக் என்றால் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' போய் 'வால்பேப்பர்'. அவ்வளவுதான்.

மாற மாட்டேங்குதா?

விண்டோஸ் ஆக்டிவேட் ஆகாத கம்ப்யூட்டரில் 'பர்சனலைஸ்' பகுதி வேலை செய்யாது. அப்போ படத்தின் மேலேயே ரைட் கிளிக் செய்து 'செட் அஸ் டெஸ்க்டாப் பேக்கிரவுண்ட்' கொடுத்துப் பாருங்க.

ஆபீஸ் லேப்டாப்பில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற ரீதியில் தகவல் வந்தால், ஐ.டி. பிரிவு பூட்டி வைத்திருக்கிறது என்று அர்த்தம். குறுக்கு வழி தேட வேண்டாம், அவங்ககிட்டயே கேளுங்க. அதுவரைக்கும் பிரவுசரின் புது டேப் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளலாம்.

இலவச வால்பேப்பர் என்று சொல்லி '.exe' ஃபைல் இறங்கினால் மட்டும் திறக்கவே திறக்காதீங்க. படம் என்றால் பெரும்பாலும் '.jpg' அல்லது '.png' என்று முடியும்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ, பஸ் ஜன்னல்ல அந்த வயல் தெரிஞ்சா அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுங்க மக்கா. எடுக்கிற படத்தில் இடத்தின் பெயரையும் தேதியையும் ஃபைல் பெயராகப் போட்டு வைங்க. பத்து வருஷம் கழிச்சு, 'இது நம்ம ஊர்ல எங்கே இருந்துச்சு?' என்று உங்க பிள்ளை கேட்கும்போது சொல்றதுக்கு உதவும்.