வாற்கோதுமை சென்ற இரு வழிகள்

மதுவை விலக்கிய இல்லங்களில் படிக்கப்படும் ஏட்டில், பீர் காய்ச்சிய ஒரு ஜெர்மானியரின் வரலாற்றை நாம் எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். அவருடைய தொழிலைப் போற்றுவது நம் நோக்கமன்று. அவர் முதுமை எய்திய காலத்தில் சட்டம் குறுக்கிட்டு அத்தொழிலை ஒரே நாளில் நிறுத்திற்று. அதன்பின் அந்த ஆலையில் நடந்தவையே நம் கருத்தைக் கவர்ந்தன.

அவர் பெயர் அடால்ஃப் கூர்ஸ். 1847 பிப்ரவரியில், அதாவது ஹிஜ்ரி 1263இல், பிரஷ்ய நாட்டின் பார்மன் என்னும் ஊரில் பிறந்தார். பதினைந்து வயது நிறைந்த 1862ஆம் ஆண்டிலேயே, ஏப்ரலில் தாயையும் நவம்பரில் தந்தையையும் இழந்தார். அவ்விரு மரணங்களுக்கும் இடையில்தான் டார்ட்மண்ட் நகரத்துப் பீர் ஆலையொன்றில் தொழில் பழகச் சேர்ந்திருந்தார். பழகுவதற்குக் கட்டணம் உண்டு. அதனை ஈடுசெய்ய அந்த ஆலையிலேயே கணக்கெழுதினார். 1868இல், கப்பற் கூலிக்கு வகையின்றி ஒளிந்தேறி அமெரிக்கா சென்று சேர்ந்தார். அங்கே கொத்து வேலை, கல் தச்சு, தோட்ட வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். இல்லினாய் மாநிலத்து நேப்பர்வில் என்னும் ஊரின் பீர் ஆலையில் மேற்பார்வையாளராகவும் சில காலம் இருந்தார்.

1872இல் மேற்கே டென்வர் நகரை அடைந்தார். அதன் அருகே, ராக்கி மலையின் அடிவாரத்தில், கோல்டன் என்றொரு சிற்றூர். தங்க வேட்டைக் காலத்தில் தோன்றிய ஊர்தான் என்றாலும், தாமஸ் கோல்டன் என்பவரின் பெயரால் அப்பெயர் அமைந்தது என்பர். ஊரின் நடுவே கிளியர் கிரீக் என்னும் ஓடை பாய்கிறது. அதன் கரையில் ஒரு தோல் பதனிடும் கூடம் கைவிடப்பட்டுக் கிடந்தது. 1873 நவம்பரில் அதனைக் கூர்ஸும், டென்வரில் மிட்டாய்க் கடை நடத்திய ஜேக்கப் ஷூலரும் கூட்டாக வாங்கினர். ஷூலர் இட்ட முதல் 18,000 டாலர். கூர்ஸின் பங்கோ 2,000 டாலர்தான். தோல் கூடத்தை எதற்காக வாங்கினார்கள் என்று வாணியம்பாடி, ஆம்பூர் வாசகர்கள் கேட்க மாட்டார்கள். தோலுக்கும் பீருக்கும் முதலில் வேண்டியது நிறையத் தண்ணீர். 1880இல் ஷூலரின் பங்கையும் விலைக்கு வாங்கி, கூர்ஸ் தனி உரிமையாளரானார்.

பின்வந்த முப்பத்தைந்து ஆண்டுச் செல்வ வளர்ச்சியை நாம் விரித்துரைக்கப் போவதில்லை. 1914இல் கொலராடோ மாநில மக்கள் வாக்களித்து மதுவிலக்கைத் தேர்ந்தனர். 1916 ஜனவரி முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது கூர்ஸுக்கு வயது அறுபத்தெட்டு. ஆலையில் தேங்கியிருந்த 561 பீப்பாய் பீர், 17,391 காலன், கிளியர் கிரீக் ஓடையில் கொட்டப்பட்டது.

இதனைப் படிக்கும்போது மதீனத் தெருக்கள் நம் நினைவில் எழாமல் இருக்குமா? மது விலக்கப்பட்டதென்று அறிவிப்பவர் குரல் கேட்டபோது, அனஸ் (ரலி) அவர்கள் அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கொட்டிவிடு என்ற சொல் பிறந்தது. மது வீதிகளில் ஓடிற்று. அங்கே ஆணை வருமுன் உள்ளங்கள் படிப்படியாகப் பக்குவப்பட்டிருந்தன. கோல்டனிலோ சட்டத்துக்கு அஞ்சிக் கொட்டினார்கள். இவ்விரண்டையும் ஒன்றென்று நாம் சொல்லத் துணியோம்.

எனினும், கொட்டியதோடு ஆலை மூடப்படவில்லை. இங்கே வாற்கோதுமையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கடைகளில் பார்லி என்பார்கள், அறபியில் ஷஈர். நம் பெண்டிர் கேழ்வரகை நனைத்து, முளைகட்டி, உலர்த்தி, மாவாக்கிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறார்கள் அல்லவா? பீர் ஆலையின் முதற்பணியும் அதுவே. முளைவிட்ட வாற்கோதுமையை உலர்த்தினால் அதற்கு மால்ட் என்று பெயர். அதனை வெந்நீரில் ஊறவைத்தால் மாச்சத்து இனிப்பாக மாறிக் கரைகிறது. அதுவரை அதில் குற்றமொன்றும் இல்லை. அந்த இனிப்பு நீரில் ஈஸ்ட்டை விட்டு நொதிக்கச் செய்தால் பீர். நொதிக்க விடாமல் பாலும் கோதுமையும் சேர்த்து வற்றக் காய்ச்சி உலர்த்தினால் மால்ட் கலந்த பால்மாவு. வழி பிரியும் இடம் அந்த ஈஸ்ட்தான்.

இந்தப் பால்மாவு நமக்குப் புதிதன்று. நோயாளிக்கும் முதியோருக்கும் நாம் கலக்கிக் கொடுக்கும் ஹார்லிக்ஸ் இந்த இனத்தது. இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற ஹார்லிக் சகோதரர் இருவர் தம் நிறுவனத்தைத் தொடங்கியதும், கூர்ஸ் தோல் கூடத்தை வாங்கிய அதே 1873ஆம் ஆண்டில்தான். கூர்ஸ் ஆலையினர் அவ்வழியை நாற்பதாண்டு கழித்து, அதுவும் சட்டம் நெருக்கிய பின்பே மேற்கொண்டனர். மால்ட் பால்மாவு செய்து மிட்டாய் நிறுவனங்களுக்கும் விற்றனர். மதுச்சத்து நீக்கிய ஒரு பானத்தையும் செய்து, அதற்கு ‘மன்னா’ என்று பெயரிட்டனர். இஸ்ராயீல் மக்களுக்கு இறங்கிய ‘மன்னு’வைத் திருமறையில் ஓதும் நமக்கு, பீர் ஆலை ஒன்று அப்பெயரை எடுத்துக்கொண்டது சிறு புன்னகையை வரவழைக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று, மது ஐந்து பொருள்களிலிருந்து ஆக்கப்படுவதாக எண்ணிக் காட்டினார்கள். திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை ஆகியவற்றோடு அவர்கள் சொன்ன மற்றொன்று வாற்கோதுமை. அறிவை மூடுவது எதுவோ அதுவே ‘கம்ரு’ என்றும் விளக்கினார்கள். மூடுதல் என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள். அதே வாற்கோதுமை மாவில் காய்ச்சுவதுதான் தல்பீனா. பால்போல் வெளுத்திருப்பதால், பாலைக் குறிக்கும் ‘லபன்’ என்னும் சொல்லிலிருந்து அதற்கு அப்பெயர் வந்தது. உறவினர் எவரேனும் மறைந்தால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனைக் காய்ச்சச் செய்து, துயருற்ற நெஞ்சுக்கு அது ஆறுதல் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அறிவித்தார்கள். ஓராண்டில் தாய் தந்தை இருவரையும் இழந்த அந்தச் சிறுவனுக்கு வாற்கோதுமையின் மற்றொரு வழியே கற்பிக்கப்பட்டது.

ஆலையைத் தாங்கிய இன்னொரு தூண் பீங்கான். கூர்ஸுக்குச் சொந்தமாய், பயனற்றுக் கிடந்த பழைய கண்ணாடித் தொழிற்கூடத்தில், ஜான் ஹெரால்ட் என்பவர் 1910இல் மட்பாண்டத் தொழில் தொடங்கியிருந்தார். பின்னர் அது கூர்ஸ் குடும்பத்தின் கைக்கு வந்தது. இரசாயனக் கூடங்களுக்கு வேண்டிய, கடுஞ்சூட்டைத் தாங்கும் பீங்கான் கிண்ணங்களை அமெரிக்கா அதுவரை ஜெர்மனியிலிருந்து தருவித்து வந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் அவ்வரவு நின்றது. அந்தக் குறையைக் கோல்டன் நிரப்பிற்று. ஜெர்மனியிலிருந்து ஒளிந்து வந்தவரின் குடும்பம், ஜெர்மனி அனுப்ப இயலாத பொருளைச் செய்து கொடுத்தது!

1920இல் மதுவிலக்கு நாடு முழுதும் பரவியது. கள்ளச்சாராயமும் கடத்தலும் உடன் பெருகின. மக்களில் பெரும்பகுதியினர் மனத்தால் விடாததைச் சட்டத்தால் மட்டும் விடுவிக்க முடியவில்லை என்பது நம் கருத்து. 1933 டிசம்பரில் அச்சட்டத்தை நீக்கினர்.

முதியவர் கூர்ஸ் அதனைக் காணவில்லை. 1929 ஜூன் 5ஆம் நாள், வெர்ஜீனியா கடற்கரையில் தங்கியிருந்த விடுதியின் மேல்மாடிச் சன்னலிலிருந்து வீழ்ந்து மாண்டார். அப்போது வயது எண்பத்திரண்டு. தாமே வீழ்ந்தார் என்பாரும் தவறி வீழ்ந்தார் என்பாரும் உளர். அவர் உள்ளத்தில் இருந்ததை உரைக்க நாம் யார்?

முழுச் சட்டமும் நீங்குமுன்பே, 1933 ஏப்ரலில், மதுச்சத்துக் குறைந்த பீருக்கு நாட்டில் அனுமதி கிடைத்தது. மக்கள் காலத்தில் கோல்டன் ஆலை மீண்டும் பீர் காய்ச்சலாயிற்று. ஆனால் பீங்கான் சூளையை அவர்கள் அணைக்கவில்லை.