வகுப்பறை, அஞ்சல், இணையம்: நம் மக்கள் கல்லூரிக்குச் சென்ற வழிகள்

நம் கல்விச் சங்கத்தின் உதவித்தொகைக் குழு சென்ற ஆண்டு கூடியபோது, முன்னர் எழாத ஒரு வினா அதன்முன் எழுந்தது. மேல்நிலைத் தேர்வில் தேறிய மாணவி ஒருத்தி, காங்கயம் அரசுக் கல்லூரியில் சேர உதவி வேண்டி விண்ணப்பித்திருந்தாள். வெள்ளகோவிலில் தறி ஓட்டும் இளைஞர் ஒருவர், வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற விரும்பினார். மூன்றாமவர், கைப்பேசி வழியாகவே முழுப் பட்டமும் அளிப்பதாகக் கூறும் ஒரு விளம்பரத் தாளைக் கொணர்ந்து, கட்டணத்தில் ஒரு பகுதியைச் சங்கம் ஏற்குமா என்று கேட்டார். நம் விதிகளிலோ ‘கல்லூரியில் பயிலும் மாணவர்’ என்னும் ஒரே தொடர்தான் உள்ளது. கல்லூரியில் பயிலுதல் என்பது யாது? குழுவினர் இரு கட்சியாகப் பிரிந்து நெடுநேரம் வாதிட்டனர். முடிவு எட்டப்படவில்லை. இவ்வினாவுக்கு விடை காணுமுன் நாம் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தல் நன்று எனக் கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

வகுப்பறைக்கு நேரில் சென்று அமர்தல் என்பது பிறருக்கு எளிய செயலாக இருந்திருக்கலாம். நமக்கு அதுவே ஒரு போராட்டமாக இருந்தது. சென்னை மாகாண அரசு ‘பஞ்சமர்’ என அந்நாளில் குறிக்கப்பட்ட நம் மக்களின் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது 1893 ஆம் ஆண்டில்தான். கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியது 1894 இல். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியை நிறுவியது 1916 இல். பொதுப் பள்ளியின் கதவு அடைபட்டிருந்தமையால் எழுந்த பள்ளிகள் இவை. அண்ணல் அம்பேத்கர் சிறுவராகப் பள்ளி சென்ற நாளில், வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணிச் சாக்கின்மீது தனியே அமர்ந்ததை நம் பிள்ளைகள் அனைவரும் பாடத்தில் படித்துள்ளனர். அவ்வாறு அமர்ந்தவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் பயின்று திரும்பி, 1945 இல் மக்கள் கல்விக் கழகத்தையும் அதன் சார்பில் 1946 இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் நிறுவினார். அக்கல்லூரியில் வேலைக்குச் செல்லும் மாணவர்க்கென அதிகாலையிலேயே வகுப்புகள் நடத்தப்பட்டன என்பதை இங்குச் சிறப்பாகக் குறிக்க விரும்புகிறோம். வகுப்பறை வேண்டும், ஆனால் ஏழையின் வேலை நேரத்திற்கு அது வளைந்து கொடுக்கவும் வேண்டும் என்னும் எண்ணம் அப்போதே அங்கே செயல்வடிவம் பெற்றிருந்தது.

நம் வட்டாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், வெள்ளகோவில் அந்நாளில் கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1979 இல் பெரியார் மாவட்டத்திற்கும், 2009 இல் திருப்பூர் மாவட்டத்திற்கும் மாறியது. மாவட்டம் மாறியதேயன்றிக் கல்லூரி நெருங்கி வரவில்லை. ஈரோட்டில் சிக்கய்ய நாயக்கர் கல்லூரி 1954 இலும், திருப்பூரில் சிக்கண்ணா அரசுக் கல்லூரியும் கரூரில் அரசுக் கலைக் கல்லூரியும் 1966 இலும் தோன்றின. எந்த ஊருக்குச் செல்வதாயினும் நாற்பது கிலோ மீட்டருக்கு மேல் பேருந்தில் போக வேண்டும். பண்ணையத்திலும் ஆட்டுப் பட்டியிலும் உழைத்த குடும்பங்களில், பேருந்துக் கட்டணத்தைக் காட்டிலும் பெரிய தடை, பையன் கொண்டுவரும் கூலி நின்றுபோவதே. 1944 இல் நடுவணரசு தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகையும், ஆதிதிராவிடர் நல விடுதிகளும் இல்லாதிருந்தால் நம்முள் முதல் பட்டதாரிகள் தோன்றியிருக்க மாட்டார்கள். விடுதியில் இடம் பெற்றவர் படித்தார். இடம் பெறாதவர் மாடு மேய்க்கத் திரும்பினார்.

இந்நிலையில்தான் அஞ்சல் வழிக் கல்வி வந்தது.

கல்லூரிக்குச் செல்லாமலே தேர்வெழுதிப் பட்டம் பெறும் முறையை இலண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. நம் நாட்டில் டி. எஸ். கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1962 இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிப் படிப்பைத் தொடங்கிற்று. தமிழகத்தில் முதலில் இத்துறையில் இறங்கியது மதுரைப் பல்கலைக்கழகம். ஆண்டு 1971. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்ததும் அதே ஆண்டில்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981 இலும் தொடர்ந்தன. 1982 இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டதே நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அது 1991 முதல் அண்ணல் அம்பேத்கரின் பெயரைத் தாங்கி வருகிறது. 1985 இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002 இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன.

இவ்வாண்டுக் கணக்கு எளிதில் சொல்லிவிடக் கூடியது. அக்கல்வி நம் தெருவிற்கு வந்த விதத்தைச் சொல்லுவதே அரிது. இடைநிலை ஆசிரியராகப் பணியேற்றவர், அலுவலக உதவியாளர், காவலர், மின்வாரியத் தொழிலாளர் எனச் சிறு பணியில் அமர்ந்த நம் முதல் தலைமுறையினர்க்கு அஞ்சல் வழிப் பட்டமே பதவி உயர்வுக்குப் படியாயிற்று. இதை எழுதும் நாமும் இளங்கலைப் பட்டத்தை அவ்வழியிலேயே பெற்றோம். பழுப்பு உறையில் பாட ஏடுகள் வரும். எம் தெருவுக்கு வரும் தபால் நேரே வீடு சேராத காலம் அது. ஊர்க்கடை ஒன்றில் போட்டுவிட்டுச் செல்வார்கள். கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுக்கும்போது, உறையின்மேல் அச்சிட்டிருந்த ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லைச் சற்றே உரக்கப் படிப்பார். அதில் ஏளனம் பாதி, வியப்பு பாதி. பாட ஏட்டுக்குத் தீட்டுத் தெரியாது. அதனருகில் யார் அமர்ந்து படிக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. பள்ளியில் கடைசி வரிசையில் அமர்த்தப்பட்டவர்களுக்கு அது எத்தகைய ஆறுதல் என்பதை அனுபவித்தவர் அறிவர்.

ஆயினும் குறையை மறைத்தல் தகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவையில் நடந்த தொடர்பு வகுப்புகளுக்கு விடியற்காலைப் பேருந்தில் சென்று, ஆண்டுப் பாடம் முழுவதையும் சில நாளில் விரைந்தோடி முடிக்கும் பேராசிரியரின் உரையைக் கேட்டு, இரவில் திரும்புவோம். ஐயம் கேட்க நேரமில்லை. நூலகம் இல்லை. ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேசிப் பழக ஒரு தோழன் இல்லை. பின்னர் பி.எட். படிப்பை நேரில் பயின்ற ஓராண்டில், மூன்றாண்டில் கிட்டாத பலவற்றை நாம் பெற்றோம். கரும்பலகையின் முன் நிற்கும் துணிவு, பிற சாதி மாணவரோடு ஒரே மேசையில் உண்ட பழக்கம், தவறாகச் சொன்னபோது திருத்திய ஆசிரியர் ஆகியவற்றை எந்த உறையிலும் இட்டு அனுப்ப இயலாது. எம்மோடு அஞ்சல் வழியில் சேர்ந்த நண்பர்களுள் பலர் இரண்டாம் ஆண்டோடு நின்றுபோயினர். நின்றதை எவரும் கவனிக்கவுமில்லை. வகுப்பறையில் ஒருவன் வராவிடில் வெற்றிடம் கண்ணில் படும். அஞ்சலில் அது படாது.

இதனினும் கொடியதொரு அனுபவமும் உண்டு. பள்ளியை ஐந்தாம் வகுப்பிலேயே விட்டுப் பண்ணையாளாகச் சென்ற சிலர், நடுவயதில், மேல்நிலைத் தேர்வோ முதற்பட்டமோ இன்றியே திறந்தநிலை முறையில் நேரே முதுகலைப் பட்டம் பெறலாம் என்றறிந்து ஆர்வத்தோடு சேர்ந்தனர். தேர்வெழுதித் தேறவும் செய்தனர். முதற்பட்டம் இன்றிப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என 2009 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பு, மேல்நிலை, பட்டம் என்னும் வரிசையில் பெறாத பட்டங்களை அரசுப் பணிக்கு ஏற்க இயலாதெனத் தமிழக அரசும் அதே ஆண்டில் ஆணையிட்டது. தீர்ப்பின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. படிக்கட்டின்றி மாடிக்கு ஏற்றியவர்கள் யாரோ, விழுந்தவர்கள் நம்மவர்கள் என்பதையே குறிக்கிறோம். அஞ்சல் வழியில் நடத்தப்பட்ட பொறியியல் பட்டங்கள் குறித்து 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இத்தகையதே. பட்டம் தரும் முறை புதிதாக வரும்போதெல்லாம், அதன் ஏற்பிசைவை முதலிலேயே விசாரித்தறியும் வசதி படித்த குடும்பங்களுக்கு உண்டு. முதல் தலைமுறைக்கு அது இல்லை.

திரையின் வழியே கற்பித்தலும் நேற்று வந்ததன்று. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்டு 15 முதல் தூர்தர்சனில் கல்லூரி மாணவர்க்கான பாட ஒளிபரப்பைத் தொடங்கியது. பாடம் ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோ ஊராட்சி அலுவலகத்தில் இருந்தது. நம் பகுதியில் அதனால் பயனடைந்தவர் எவரையும் நாம் கண்டதில்லை.

2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்று எல்லாக் கதவுகளையும் ஒருசேர அடைத்தது. கல்லூரி முழுவதும் கைப்பேசிக்குள் சென்றுவிட்டது. 2017-18 இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய ஊரகக் குடும்பங்களில் கணினி உடையவை நூற்றுக்கு 4.4, இணைய வசதி உடையவை நூற்றுக்கு 14.9. இந்நாட்டில்தான் அனைவரும் இணையத்தில் பயில்க எனப்பட்டது. நம் குடியிருப்புகளில் வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருந்தால் அது தந்தையோடு நூற்பாலைக்கோ எண்ணெய் ஆலைக்கோ போய்விடும். மாலையில் அது திரும்பும்போது வகுப்பு முடிந்திருக்கும். அலைவரிசை தேடி மேல்நிலை நீர்த்தொட்டியின் படியில் அமர்ந்து படித்த பிள்ளைகளை நாமே கண்டோம். 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர் 9 இலட்சத்து 69 ஆயிரம் பேருக்கு நாள்தோறும் 2 ஜிபி தரவை அரசு இலவசமாக வழங்கிற்று. நல்ல உதவியே. எனினும் அட்டை வந்தது, அதைச் செருகுவதற்குரிய கருவி வரவில்லை என்று ஒரு தாய் எம்மிடம் கூறினார். அவ்விரண்டு ஆண்டில் படிப்பை விட்ட பெண்களுள் சிலர் மணமாகியும், சிலர் ஆலை விடுதிக்கும் போயினர்.

ஆலை விடுதி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கொங்கு நாட்டு நூற்பாலைகள் சில, வேலைக்கு வரும் பெண்களுக்குத் தொலைநிலைப் படிப்பும் ஏற்பாடு செய்வதாக அழைக்கின்றன. அங்ஙனம் பட்டம் பெற்று உயர்ந்தவர் உண்டு. எட்டு மணி நேரம் நின்று உழைத்த பெண் எந்நேரத்தில் படிக்கிறாள், தேர்வுக்கு விடுப்பு உண்டா என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே பெற்றோர் சம்மதிக்க வேண்டும். படிப்பு என்னும் சொல்லைக் காட்டியே உழைப்பை மலிவாகப் பெற முடியும்.

தற்போது பேசப்படுவது கலப்பு முறை. பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையத்திலும் எஞ்சியது வகுப்பறையிலும் நடக்கலாம் என, மானியக் குழு 2021 மே மாதம் வெளியிட்ட கருத்துக் குறிப்பில் கூறியது. இணையவழியிலும் தொலைநிலையிலும் முறையாக இசைவு பெற்ற நிறுவனங்கள் தரும் பட்டம், நேரடிப் பட்டத்திற்கு இணையாகக் கருதப்படும் என்று 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. இவை வரவேற்கத்தக்கனவே. ஒரே பேராசிரியரின் உரையை மூன்று முறை திரும்பக் கேட்கலாம் என்பது, மெல்லக் கற்கும் நம் பிள்ளைகளுக்குப் பெரும் நன்மை. இவ்வசதி எமக்கு அந்நாளில் கிட்டியிருந்தால் பொருளியல் தாளை இருமுறை எழுதியிருக்க மாட்டோம். ஆனால் அந்த 40 விழுக்காட்டின் செலவு யாருடையது? கல்லூரி மிச்சப்படுத்தும் இடமும் மின்சாரமும் மாணவன் வீட்டுக் கணக்கில் ஏறுகின்றன. ஓரறை வீட்டில் ஆறு பேர் வாழும் மாணவனுக்குக் கல்லூரி என்பது பாடத்தைவிட முதலில் ஓர் அமைதியான நாற்காலி.

பண உதவியும் முறையைப் பொறுத்தே அமைகிறது. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையிலும் தொடங்கப்பட்டன. தொலைநிலையில் பயில்வோர்க்கு இவை இல்லை. காங்கயம் செல்லும் மாணவிக்கு மாதந்தோறும் கிடைப்பது தறி ஓட்டும் இளைஞர்க்குக் கிடைக்காது. உதவி அதிகம் தேவைப்படுபவர் யார் என்பதைக் குழுவினர் இந்தக் கோணத்திலும் நோக்குதல் வேண்டும்.

எம் கருத்தை வெளிப்படையாகவே கூறிவிடுகிறோம். மேல்நிலைத் தேர்வு முடித்து உடனே வரும் பிள்ளைகளை, பெண்களைச் சிறப்பாக, வகுப்பறைக்கே அனுப்ப வேண்டும். வேறு வழி எளிதாயிருக்கிறது என்பதற்காக அவர்களைத் திருப்பிவிடலாகாது. மூதாதையர் நின்று பார்த்த வாசலுக்குள் நுழைய வேண்டியவர்கள் அவர்கள். குடும்பச் சுமை ஏற்றுத் தொழிலில் நிற்பவர்க்கு அஞ்சலையும் இணையத்தையும் மறுத்தல் அநீதி. அன்று அவ்வழியை மறுத்திருந்தால் இதை எழுதுபவரே இராது போயிருப்பார். அவர்களுக்குக் கட்டணத்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாமல், ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் ஒன்றுகூடிப் படிக்க ஏற்பாடு செய்தால், அதுவே நம் சொந்தக் கலப்பு முறை ஆகும். நம் மாலைப் பாடசாலையில் இருக்கும் இரு கணினிகள் ஞாயிறன்று பூட்டியே கிடக்கின்றன.

மாணவி காங்கயத்தில் சேர்ந்துவிட்டாள். தறி ஓட்டும் இளைஞரின் விண்ணப்பம் இன்னும் குழுவிடம் உள்ளது. மூன்றாமவர் கொணர்ந்த விளம்பரத்தில் கண்ட நிறுவனத்தின் பெயரை, மானியக் குழு இசைவளித்தோர் பட்டியலில் தேடினோம். கிடைக்கவில்லை. அதை அவரிடம் கூறியபோது, முன்பணம் கட்டிவிட்டதாகச் சொன்னார். விதித் திருத்த வரைவு, விழாவிற்குப் பின் கூடும் பொதுக்குழுவில் வைக்கப்படும்.